தேனீயின் தீவனமும் வேளாண்மைத் திட்டமும்

(பெங்களூர் ஈஜிபுராவில் கல்லூரி மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பொருளாதாரம் பயின்ற ஒருவன் தேனீயைப் பற்றிப் பேச முன்வருவது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கக்கூடும். ஆனால் பொருளாதார நூல்களில் தேனீக்கு நெடுநாளாகவே ஓர் இடம் உண்டு. 1952-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மீட் என்னும் ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். ஆப்பிள் தோட்டக்காரர் ஒருவர். அவருக்கு அண்டையில் தேனீ வளர்ப்பவர் ஒருவர். தோட்டத்துப் பூக்களைத் தேனீக்கள் உண்கின்றன. அதற்காகத் தோட்டக்காரர் ஒரு காசும் பெறுவதில்லை. தேனீக்கள் மகரந்தச் சேர்க்கை செய்து கனி பெருக உதவுகின்றன. அதற்காகத் தேனீ வளர்ப்பவரும் ஒரு காசும் பெறுவதில்லை. ஒருவருடைய உழைப்பின் பயன் விலையின்றி மற்றொருவருக்குச் சென்று சேர்வதை விளக்குவதற்கு மீட் எடுத்துக்கொண்ட உதாரணம் இது. பின்னர், 1977-இல், பன்னாட்டு வாணிகம் பற்றிய ஆய்வுகளுக்காக அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1973-இல் ஸ்டீவன் சியுங் என்பவர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் தோட்டக்காரர்களையும் தேனீ வளர்ப்போரையும் விசாரித்து, மீட் கூறியது நடைமுறைக்குப் பொருந்தாது என்று எழுதினார். அங்கே இருவரும் முறைப்படி ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். தேனீப் பெட்டிக்கு வாடகை உண்டு என்பதை அவர் காட்டினார். இன்றைக்கும் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி மாதத்தில் அமெரிக்கத் தேனீப் பெட்டிகளில் பெரும்பகுதி லாரிகளில் ஏற்றப்பட்டுக் கலிபோர்னியாவின் பாதாம் தோட்டங்களுக்குச் செல்கிறது.

இவ்விரு அறிஞர்களின் வாதத்தில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால் இருவருமே ஒன்றைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். பூ இருக்கிறது என்று அவர்கள் வைத்துக்கொண்டார்கள். ஆண்டு முழுவதும், தேனீக்குத் தேவையான அளவில், தேவையான வகையில் பூ இருக்கிறதா என்ற கேள்வி அவர்களுக்கு எழவில்லை. நம் நாட்டில் இன்று எழ வேண்டிய முதற் கேள்வி அதுவே என்பது என் கருத்து.

தேனீ எதை உண்கிறது?

தேனீ தேனை உண்டு வாழ்கிறது என்பதே பொதுவான எண்ணம். இது பாதி உண்மை. பூவில் சுரக்கும் மதுவும் அதிலிருந்து உண்டாகும் தேனும் மாவுச்சத்துக்கு நிகரானவை. பறப்பதற்கும் கூட்டின் வெப்பத்தைக் காப்பதற்கும் வேண்டிய சக்தியைத் தருகின்றன. உடலை வளர்க்கும் புரதம், கொழுப்பு, உயிர்ச்சத்துகள், தாதுக்கள் ஆகிய அனைத்தும் மகரந்தத்திலிருந்தே வர வேண்டும். தேனீக்கு மகரந்தம், நமக்குப் பருப்பும் பாலும் போல.

ஐந்து முதல் பதினைந்து நாள் வயதுடைய இளம் பணித்தேனீக்கள் மகரந்தத்தை மிகுதியாக உண்டு, தலையிலுள்ள சுரப்பிகளிலிருந்து பால் போன்ற ஒரு பொருளைச் சுரக்கின்றன. ராணித் தேனீக்கும் இளம்புழுக்களுக்கும் அதுவே உணவு. மகரந்தம் குறைந்தால் இந்தப் பால் குறையும். பால் குறைந்தால் முட்டை குறையும். மழையால் சில நாள்கள் வெளியே செல்ல இயலாமற்போனால், கூட்டிலுள்ள தேனீக்கள் தாம் வளர்த்துக்கொண்டிருந்த இளம்புழுக்களையே உண்டு புரதத்தை மீட்டுக்கொள்கின்றன. கூட்டில் தேன் நிறைய இருக்கும்போதும் இது நிகழும். தேன் சேமிப்பு பல மாதங்களுக்குப் போதும். மகரந்தச் சேமிப்போ பெரும்பாலும் சில நாள்களுக்குமேல் தாங்காது. இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் நான் பின்னர்ச் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

எல்லா மகரந்தமும் ஒரே தரமுடையதன்று. தேனீயால் தன் உடலில் உண்டாக்கிக்கொள்ள முடியாத பத்து அமினோ அமிலங்களை 1953-இல் டி குரூட் என்னும் டச்சு ஆய்வாளர் வரையறுத்தார். அவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்றவை முழுமையாகப் பயன்படா. மகரந்தத்தில் 20 விழுக்காட்டுக்குக் குறையாத புரதம் இருக்க வேண்டும் என்பது ஆஸ்திரேலியத் தேனீ வளர்ப்போர் கைக்கொள்ளும் அளவு. நாம் தேனீக்கு மிக உகந்ததெனக் கருதும் சூரியகாந்தியின் மகரந்தம் இந்த அளவை எட்டுவதில்லை. ஒரே பூவின் மகரந்தத்தை மட்டும் உண்ட தேனீக்களையும் பல பூக்களின் மகரந்தத்தைக் கலந்து உண்ட தேனீக்களையும் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2010-இல் வெளியிட்ட முடிவு இதற்குத் துணை நிற்கிறது. இளம்புழுக்களின் உணவில் நோய்க்கிருமிகள் பெருகாமற் காக்கும் ஒரு நொதி, கலப்பு உணவு உண்ட தேனீக்களில் கூடுதலாகச் செயற்பட்டது. புரதத்தின் மொத்த அளவைப் போலவே வகைகளின் எண்ணிக்கையும் முக்கியம் என்று இதற்குப் பொருள்.

கேழ்வரகு வயலும் தைல மரத் தோப்பும்

இந்த ஈஜிபுரா முன்பு நகரத்துக்கு வெளியே இருந்த ஒரு கிராமம். இதைப் போன்ற கிராமங்கள் பெங்களூரைச் சுற்றி ஏராளமாக இருந்தன. கேழ்வரகு அவற்றின் தலையாய பயிர். கேழ்வரகு தேனீக்கு அநேகமாக ஒன்றும் தருவதில்லை. ஆயினும் இப்பகுதி உழவர்கள் கேழ்வரகைத் தனித்து விதைக்கவில்லை. 'அக்கடி சாலு' என்று கன்னடத்தில் வழங்கும் முறையில், சில வரிசைக் கேழ்வரகுக்கு இடையே ஒரு வரிசை மொச்சை, துவரை, கடுகு, ஆமணக்கு, ஹுச்செள்ளு எனப்படும் பேயெள் என்று ஊடுவிதைத்தார்கள். மழை பொய்த்தால் ஏதேனும் ஒன்றாவது கைகொடுக்கும் என்பதே அவர்களுடைய நோக்கம். தேனீயை அவர்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் செப்டம்பர், அக்டோபரில் பேயெள் மஞ்சளாகப் பூக்கும். அதைத் தொடர்ந்து மொச்சையும் துவரையும் பூக்கும். வரப்பில் தும்பையும், வேலியில் புங்கமும் நாவலும் நிற்கும். ஒரு பூ ஓய்வதற்குள் மற்றொன்று தொடங்கிவிடும்.

1980-களில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் வந்தது. கோலார், பெங்களூர் ஊரக மாவட்டங்களில் பல உழவர்கள் கேழ்வரகை விட்டு யூகலிப்டஸ் என்னும் தைல மரத்துக்கு மாறினார்கள். கூலி குறைவு, கண்காணிப்புக் குறைவு, ஆலைகள் மரத்தை வாங்கிக்கொள்ளும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். தனிப்பட்ட உழவரின் நிலையிலிருந்து பார்த்தால் அந்தக் கணக்கில் பிழை இல்லை. நிலத்தடி நீரைப் பற்றியும் உணவு உற்பத்தியைப் பற்றியும் அப்போதே பெரும் விவாதம் எழுந்தது. முடிவில் கர்நாடக அரசு 2017-இல் தைல மரம் புதிதாக நடுவதைத் தடை செய்தது. அந்த விவாதம் முழுவதிலும் தேனீயின் பெயர் அரிதாகவே வந்தது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. தைல மரம் தேனீக்கு நல்லது என்றே அனைவரும் நம்பினார்கள். அது பூத்தால் பெட்டியில் தேன் நிறைகிறது, இது மெய். ஆனால் பல தைல மர வகைகளின் மகரந்தத்தில் ஐசோலூசின் என்னும் அமினோ அமிலம் குறைவு, கொழுப்பும் குறைவு என்பதை அம்மரத்தின் தாயகமான ஆஸ்திரேலியாவில் நெடுங்காலமாகவே அறிவார்கள். தேன் எடையில் ஏறும். தேனீக் குடும்பம் வலுவில் இறங்கும். தேன் உற்பத்தியை மட்டும் அளக்கும் அலுவலருக்கு அந்த ஆண்டு நல்ல ஆண்டாகத் தெரியும். உரமிடாமல் மகசூல் எடுத்த நிலத்தைப் போல, விளைவு மறு ஆண்டில்தான் தெரியவரும்.

இன்னொரு விந்தையையும் இங்கே சொல்ல வேண்டும். வயல்களில் பூ குறைந்த அதே காலத்தில் பெங்களூர் நகரம் மரங்களால் பூத்தது. புங்கம், தூங்குமூஞ்சி, முருங்கை, தென்னை, வீட்டுத் தோட்டச் செடிகள் என்று நகரத்தில் ஏதேனும் ஒன்று எப்போதும் மலர்ந்திருக்கிறது. அடுக்குமாடிக் கட்டடங்களின் விளிம்புகளில் மலைத்தேனீக்கள் அடை கட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவை பருவத்துக்கேற்ப இடம்பெயர்பவை; உணவு உள்ள இடம் தேடி வந்து, உணவு குறைந்ததும் தாமே புறப்பட்டுவிடும். மருந்தடிப்பவரை அழைத்து அவற்றை அழிப்பது தேவையற்ற செலவு என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

மார்த்தாண்டத்தின் அனுபவம்

தென்னாட்டில் பெட்டியில் தேனீ வளர்க்கும் தொழிலின் வரலாறு பெருமைக்குரியது. திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிய பாதிரியார் நியூட்டன் 1911-க்கும் 1917-க்கும் இடையே இந்தியத் தேனீயின் அளவுக்கேற்ற பெட்டியை வடிவமைத்தார். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்ஸர் ஹாட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையம் ஏழைக் குடும்பங்களுக்குத் துணைத் தொழிலாகத் தேனீ வளர்ப்பைக் கற்பித்தது. அன்று திருவிதாங்கூரில் இருந்த அந்த வட்டாரம் 1956-இல் இன்றைய தமிழ்நாட்டோடு இணைந்தது. நிலமில்லாதவரும் செய்யக்கூடிய தொழிலாக அது வேரூன்றியது.

அங்கே தேன் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெரும்பகுதி பூவிலிருந்து வருவதன்று. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் ஆண்டுத் தொடக்க மாதங்களில், மூன்று சிற்றிலைகள் காம்பில் கூடும் இடத்திலுள்ள சுரப்பிகளிலிருந்து இனிய நீர் வடிகிறது. தேனீக்கள் அதைத் திரட்டித் தேனாக்குகின்றன. இலையிலிருந்து மது கிடைக்கும், மகரந்தம் கிடைக்காது. ஆகவே ரப்பர்க் காடு தேனீக்குச் சர்க்கரை ஆலை. அங்கே பருப்புக் கடை இல்லை. வீட்டைச் சுற்றித் தென்னையும் புளியும் முருங்கையும் வாழையும் கலந்து நின்ற தோட்டங்கள் இருந்தவரை இந்தக் குறை தெரியவில்லை. தென்னை ஆண்டு முழுவதும் பாளை வெடிக்கும் மரம். மகரந்தத்துக்கு அது ஒரு நிலையான இருப்பு. ரப்பர் ஒற்றைப் பயிராகப் பரவிய இடங்களிலும், அடியிலுள்ள செடிகொடிகள் களைக்கொல்லியால் அழிக்கப்படும் இடங்களிலும் அந்த இருப்பு குறைகிறது. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் பஞ்ச காலம் வருகிறது. தேனை எடுத்துவிட்ட பெட்டிக்குச் சர்க்கரைப் பாகு ஊற்றுகிறார்கள். பாகு பசியைத் தணிக்கும், புழுவை வளர்க்காது. இந்தியத் தேனீக்கு ஒரு குணம் உண்டு. பொறுக்க முடியாத நிலை வந்தால் கூட்டை விட்டு மொத்தமாக வெளியேறிவிடும். பெட்டி மிஞ்சும், தேனீ மிஞ்சாது.

நோய் இதனினும் கொடிது. 1976-இல் தாய்லாந்தில் முதன்முதலில் கண்டறியப்பட்ட தாய் சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய் 1991, 1992 ஆண்டுகளில் தென்னிந்தியாவைத் தாக்கியது. நோயுற்ற இளம்புழு கூட்டுப்புழுவாக மாற இயலாமல், நீர் நிறைந்த பை போலாகிப் படகு வடிவில் அறைக்குள்ளேயே மடிகிறது. கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் பெட்டிகளில் இருந்த இந்தியத் தேனீக் குடும்பங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்தன. கூட்டுறவுச் சங்கங்கள் வாங்குவதற்குத் தேன் இல்லாமற்போயின. பிழைத்து நின்ற சில குடும்பங்களைப் பெருக்கியே தொழில் பின்னர் மெல்ல எழுந்தது. இந்த அழிவுக்கு நச்சுயிரியே காரணம். பட்டினியே காரணம் என்று நான் கூற மாட்டேன். ஆனால் நச்சுயிரிக்கு மருந்து இல்லை. மருந்தில்லாத நோய்க்கு எதிராக நம் கையிலிருப்பது இரண்டே: நோயை எதிர்க்கும் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குவது, அவற்றை நல்ல உணவில் வலுவாக வைத்திருப்பது. முதலாவது ஓரளவு நடைபெறுகிறது. இரண்டாவதைப் பற்றித்தான் இவ்வளவும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

வடமாநிலங்களின் நிலையும் இதிலிருந்து வேறன்று. 1962-64 காலத்தில் நாக்ரோட்டா பக்வானில் இத்தாலியத் தேனீ வெற்றிகரமாகக் குடியேற்றப்பட்டது. பஞ்சாபிலும் அரியானாவிலும் அது பெருந்தொழிலாயிற்று. 2004-ஐ ஒட்டி வரோவா என்னும் உண்ணி அங்கே பெருஞ்சேதம் விளைவித்தது. அந்த உண்ணி உறிஞ்சுவது தேனீயின் கொழுப்புத் திசுவை என்று 2019-இல் நிறுவப்பட்டது. புரதமும் எதிர்ப்பாற்றலும் சேமிக்கப்படும் உறுப்பு அதுவே. பூச்சிமருந்தின் நிலையும் இவ்வாறே. குறைந்த உணவும் நியோநிக்கோட்டினாய்டு வகை நஞ்சும் சேரும்போது தேனீயின் இறப்பு, இரண்டின் தனித்தனி விளைவுகளைக் கூட்டியதைவிட மிகுதியாகிறது என்று 2017-இல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். பசித்த உயிரை எதுவும் எளிதில் வீழ்த்தும்.

மகரந்தத்துக்கு மாற்றாகச் சோயா மாவு, ஈஸ்ட், பால்பொடி கலந்த உணவு கொடுக்கலாம்; அவசரத்துக்கு அது உதவும். தேனீக்கு இன்றியமையாத சில ஸ்டெரால்கள் அதில் இல்லை. அவற்றை ஈஸ்டில் உண்டாக்கிக் கொடுத்தபோது இளம்புழுக்கள் பன்மடங்கு செழித்தன என்று 2025-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். வரவேற்கத்தக்க செய்தி. ஆனால் பத்துப் பெட்டி வைத்திருக்கும் விளவங்கோடு வட்டத்துத் தொழிலாளிக்கு, விலை கொடுத்து வாங்கும் ஈஸ்டைவிட வேலியோரத்து முருங்கை அருகில் இருக்கிறது.

எவருடைய பொறுப்பு?

இங்கே ஒரு சிறு கணக்கு. இந்தியத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் உணவு தேடுகிறது என்று கொள்வோம். பெட்டியை மையமாக வைத்து ஒரு கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் வரைந்தால் அதன் பரப்பு 314 ஹெக்டேர். 2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் ஒரு சாகுபடிக் கைப்பற்றின் சராசரி அளவு 1.08 ஹெக்டேர். அதாவது ஒரே ஒரு பெட்டியின் தேனீ ஏறக்குறைய 290 உழவர்களின் நிலத்தில் மேய்கிறது. வாஷிங்டன் மாநிலத்துத் தோட்டக்காரர் ஒருவரோடு ஒப்பந்தம் செய்வது எளிது. 290 பேரோடு யார் ஒப்பந்தம் செய்வது? அவர்களுள் ஒருவர் தம் வரப்பில் துவரை விதைத்தால் பயன் மற்ற 289 பேருக்கும் போகிறது. ஒருவர் பூக்கும் நேரத்தில் பகலில் மருந்து தெளித்தால் இழப்பும் அவ்வாறே பரவுகிறது. சந்தை தானாகத் தீர்க்க முடியாத பிரச்சினை இது. மீட் சொன்னது அமெரிக்காவுக்குப் பொருந்தாமற் போயிருக்கலாம். நம் கிராமத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது.

ஆகவே பொதுத் துறையின் பணி இங்கே தேவை. அந்தப் பணி இதுவரை எவ்வாறு நடந்தது? 1928-இல் வேளாண்மைக்கான அரச ஆணைக்குழு தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாகப் பரிந்துரைத்தது. 1962-இல் புனேயில் மத்திய தேனீ ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 2020-இல் அறிவிக்கப்பட்ட தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்துக்கு 500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2022-23 வரை என்றிருந்த அதன் காலம் 2025-26 வரை நீட்டிக்கப்பட்டது. இவையெல்லாம் பாராட்டுக்குரியவை. ஆயினும் மாவட்டங்களிலிருந்து வரும் முன்னேற்ற அறிக்கைகளைப் பல ஆண்டுகள் படித்தவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். வழங்கிய பெட்டிகளின் எண்ணிக்கைக்கு ஒரு பத்தி இருக்கும். பயிற்சி பெற்றோர் எண்ணிக்கைக்கு ஒரு பத்தி இருக்கும். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பெட்டிகளுள் எத்தனையில் தேனீ இருக்கிறது என்பதற்குப் பத்தி நான் கண்ட படிவங்களில் இருந்ததில்லை.

2019-இல் பிபேக் தேப்ராய் தலைமையிலான தேனீ வளர்ப்பு வளர்ச்சிக் குழு, தேனீயை வேளாண்மையின் இடுபொருளாகக் கருத வேண்டும் என்றும், நிலமற்ற தேனீ வளர்ப்போரை விவசாயிகளாக ஏற்க வேண்டும் என்றும், தேனீக்கு உகந்த செடிகளை நட வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. மிகச் சரியான பரிந்துரைகள். சாகுபடிப் பரப்பையும் தீவனப் பயிர்களையும் கொண்டு நம் நாடு 20 கோடிக் குடும்பங்களைத் தாங்கும். இருப்பதோ 34 லட்சம் என்றும் அக்குழு மதிப்பிட்டது. இந்த 20 கோடியைப் பலர் இலக்காக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் தயக்கம் உண்டு. ஜனவரியில் கடுகு பூக்கும் ஒரு வட்டம் பத்தாயிரம் பெட்டிகளைத் தாங்கலாம். அதே வட்டம் ஆகஸ்டில் நூறு பெட்டிகளைத் தாங்காமற் போகலாம். ஒரு சங்கிலியின் வலு அதன் மிக நலிந்த கண்ணியில் இருப்பது போல, ஒரு வட்டத்தின் தாங்குதிறன் அதன் மிக வறிய மாதத்தில் இருக்கிறது. பெட்டிகளை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்வதற்கு லாரி வாடகை உள்ளவர்களுக்கு இது பெரிதன்று. துணைத் தொழிலாகப் பத்துப் பெட்டி வைத்திருப்பவருக்கு அந்த வறிய மாதமே எல்லை.

செய்ய வேண்டியவை புதியனவுமல்ல, பெருஞ்செலவு பிடிப்பனவுமல்ல. சாலையோரத்திலும் ஏரிக்கரையிலும் எப்படியும் மரம் நடுகிறோம். நடும் மரங்களுள் புங்கம், நாவல், புளி, வேம்பு என்று பூக்கும் காலம் மாறி மாறி வருமாறு தேர்ந்தெடுக்கலாம். வரப்பில் களைக்கொல்லி அடிப்பது கூலி உயர்வின் விளைவு. உழவரைக் குறைகூறிப் பயனில்லை. ஆனால் வரப்புக்கு விதைக்கும் துவரையும் எள்ளும் கொத்தமல்லியும் விதை மானியப் பட்டியலில் இடம்பெறலாம். கர்நாடகத்தில் சூரியகாந்தி வீரிய விதை உற்பத்திக்குத் தேனீ இன்றியமையாதது. 1980-இல் பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பி.எஸ்.எச்.1 ரகம் தொட்டு, பெண் வரிசைக்கு மகரந்தத்தைச் சுமந்து செல்வது தேனீயே. அந்த விதை நிறுவனங்களிடமிருந்து பெட்டி வாடகையோடு, வயலோரத்தில் பலவகைப் பூச்செடி வளர்க்கவும் ஒரு விதி கேட்கலாம். மருந்து தெளிப்பை மாலைக்கு மாற்றுவது செலவில்லாத காரியம்.

மாணவர்களாகிய உங்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்க விரும்புகிறேன். உங்களுக்குத் தெரிந்த ஒரு வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனேக்கல்லாகவும் இருக்கலாம், ஓசூராகவும் இருக்கலாம். ஆண்டை 24 அரைத் திங்களாகப் பிரித்து ஓர் அட்டவணை வரையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அப்போது பூத்திருப்பவை எவை, எவற்றில் மது, எவற்றில் மகரந்தம், ஏறக்குறைய எவ்வளவு பரப்பு என்று நேரில் சென்று எழுதுங்கள். களை என்று ஒதுக்கும் தும்பையையும் வெட்டுக்காயப் பூண்டையும் விட்டுவிடாதீர்கள்; வறிய மாதங்களில் பல பெட்டிகளை அவைதாம் காப்பாற்றுகின்றன. அட்டவணை முடிந்ததும் சில கட்டங்கள் வெறுமையாக நிற்கும். அந்தப் பட்டியலை வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடம் கொடுங்கள். இங்கே அமர்ந்திருக்கும் அலுவலர்கள் சிலர் அதைப் பெற்றுக்கொள்ள ஆயத்தமாக இருப்பதாக என்னிடம் தெரிவித்திருக்கிறார்கள். அடுத்த பருவத்துக்குப் பெட்டி கேட்டு விண்ணப்பங்கள் வரும்போது, அந்த வெறுமையான கட்டங்களை முதலில் பார்த்துவிட்டு எண்ணிக்கையை முடிவு செய்யலாம்.